இடது காது

வீரவநல்லூர் ரைஸ்மில்லில்
ஆறு நாள் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்
ஆவுடையப்பன்.
முதல் நாள் வேட்புமனு கொடுக்கப் போகிறவர் மாதிரி
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.
"சிரிச்ச மாதிரி போடுங்க, ஆபீஸ்ல மாட்டணும்.
வாரவன் பயந்துரக் கூடாதுல்லா."

போட்டேன்.
உதடு சிரித்தது.
அதற்குக் கீழே மோவாய்
கூலி வாங்க வரிசையில் நிற்கும் ஆள் போல
வேறெங்கோ பார்த்தது.
டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன்.
மறுநாளும் அப்படியே.

இதற்கு முன்னால் வரைந்தவர்களில்
பாளையங்கோட்டை பிரின்சிபால் ஒருவருக்கு
எல்லாமே பேனா மூடியில் இருந்தது,
அவ்வளவு இறுக்கம்.
ஒரு டாக்டரம்மாவுக்குப் பின்கழுத்தில்.
ஆனால் அவர்கள் முன்பக்கம்தான் கேட்டார்கள்.

மூன்றாம் நாளைக்குள் எனக்கு
ஆவுடையப்பன் சங்கிலியில் எத்தனை கண்ணி என்று தெரியும்.
இடது புருவத்தில் நரைத்தவை பதினொன்று.
கண்ணாடி அழுத்திய மூக்குத் தண்டுக்குக்
காவி போதும், சிவப்பு வேண்டாம்.
ஆள் மட்டும் வரவில்லை.

மில் ஓடிக்கொண்டே இருந்தது.
அம்பை பதினாறு அரைபடும் சத்தம்
சுவரில், நாற்காலிக் காலில், என் பல்லில்.
தவிடு பறந்து வந்து ஈரச் சாயத்தில் ஒட்டியது.
முதலில் ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தேன்,
பிறகு விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் மூன்றே காலுக்குக் கரண்டு போனது.
பெல்ட் இழுத்து இழுத்து நின்றது.
கூரைத் தகரத்தில் புறா நடப்பது கேட்டது.
கன்னடியன் கால்வாயில்
யாரோ துணி அடிப்பது கேட்டது.

அவர் அசையவில்லை.
இடது காது மட்டும்
அரை விரற்கடை கதவுப் பக்கம் திரும்பிக்
காத்திருந்தது.
கண் என்னைத்தான் பார்த்தது, அதில் நான் இல்லை.
மடியில் கிடந்த வலது கையில்
கட்டைவிரல் மற்ற நாலு விரலையும்
ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது,
எண்ணிக்கை சரிதானா என்பது போல.

ஜெனரேட்டர் போட நாலு நிமிஷம் ஆயிற்று.
அந்த நாலு நிமிஷத்தில் வரைந்ததுதான் படம்.
மற்ற நாளெல்லாம் வரைந்தது சட்டை.

ஆறாம் நாள் எழுந்து வந்து பார்த்தார்.
"நான் இப்பிடியா இருக்கேன்?"
காதைத் தொட்டார்,
படத்தில் இருந்ததை அல்ல.
"கொஞ்சம் சிரிப்பு..." என்று ஆரம்பித்து
அப்படியே விட்டார்.

காப்பி கொண்டுவந்த உலகம்மாள்
தம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
"ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு
இப்பிடித்தான் உக்காந்திருப்பாவ.
என்னன்னு கேட்டா, மெஷின் நின்னுட்டும்பாவ.
ராத்திரி ஏது மெஷின்?"

கேட்டில் இருக்கிறவன் இசக்கி.
வலது சட்டைக்கையை மடித்து
ஊக்குக் குத்தியிருப்பான்.
படத்தை ஆபீசுக்குள் கொண்டுபோக
இடது கையைக் கொடுத்தவன்
வாசல்படியிலேயே நின்றுவிட்டான்.
ரொம்ப நேரம் கழித்து என்னிடம் மட்டும் கேட்டான்:
"ஏக்கா, இதுல மெஷின் ஓடுதா, நின்னுருக்கா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
ஆவுடையப்பன் தள்ளி நின்று
மீதிப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்,
அதே கட்டை மூன்றாவது தரம்.

வருகிறவர்கள் பார்க்கும் சுவரில் அல்ல,
மேசையிலிருந்து தான் பார்க்கும் சுவரில்
மாட்டச் சொன்னார்.
ஆணி அடித்த அதிர்ச்சியில்
கன்னத்திலிருந்து கொஞ்சம் தவிடு உதிர்ந்தது.
யாரும் பெருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில்
என் நகக்கண்ணில் பச்சை மண் நிறம்,
அந்தக் காதின் உள்நிழலுக்குக் குழைத்தது.
சேரன்மகாதேவி தாண்டிய பிறகுதான் கவனித்தேன்,
இவ்வளவு நேரமும் தலையை
இடது பக்கம் சாய்த்துக்கொண்டே வந்திருக்கிறேன்.